குதிரை ஓடிய இரவு

சித்தூரில் முதல் பஸ் பிடித்தேன். சந்திரகிரிக் கோட்டை ஜன்னலில் வந்து மறைந்தது. திருப்பதிக்கு 70 கிலோமீட்டர்தான், அதன்பிறகு திருமலை மாட வீதியில் காத்திருந்ததுதான் நெடும்பொழுது. பிரம்மோற்சவத்தின் எட்டாம் நாள். காலையில் தேர், இரவில் குதிரை வாகனம்.

முன்கால்களைத் தூக்கிய பொற்குதிரை மேளச் சத்தத்தோடு திரும்பியது. மேலே கல்கி அலங்காரத்தில் உற்சவர் மலையப்ப சுவாமி. 1339-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அவரை 'மலை குனிய நின்ற பெருமாள்' என்ற தமிழ்ப் பெயரால் குறிக்கிறது. பெயரிலேயே நிற்கிறவர், பஞ்சலோகத் திருமேனியும் நின்ற கோலம்தான். பட்டும் மாலையும் சாத்திய அழகில் குதிரை ஏறியவராகவே தெரிந்தார். வாகனத்தைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள் தோளை ஒருசேரத் தாழ்த்தி, ஓரடி பின்வாங்கி, முன்னால் பாய்ந்தார்கள். குதிரையின் பிடரி சிலிர்த்தது போலிருந்தது. ஸ்ரீரங்கத்தில் இந்த ஓட்டத்துக்கு வையாளி என்று பெயர்.

உலோகத்தில் இந்தப் பாய்ச்சலைக் கொண்டுவருவது லேசான காரியமில்லை. மெழுகில் உருவம் செய்து, வண்டல் மண் பூசி, சுட்டு மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார் ஸ்தபதி. நிற்கும் தெய்வத்துக்குப் பீடம் போதும். குதிரை என்றால் அத்தனை எடையும் மெலிந்த கால்களில் இறங்கும். முன்கால் இரண்டும் அந்தரத்தில் எழுந்தால் பின்னால் கனம் வேண்டும். மாட்ரிட்டில் பியெத்ரோ தாக்கா 1640-இல் முடித்த நான்காம் பிலிப் சிலை, பின்னங்கால்களிலும் வாலிலும் பாரத்தை இறக்கி நிற்கிறது.

சென்னையில் ஆளுநர் மன்றோ சிலை வேறு வழி. 1839-இல் திறக்கப்பட்ட அந்த வெண்கலக் குதிரைக்கு நான்கு காலும் தரையில். சேணம் இல்லை, அங்கவடி இல்லை. சிற்பி சான்ட்ரி மறந்துவிட்டார் என்று சொல்வது வழக்கம். நான் நம்பவில்லை, அதே சான்ட்ரி லண்டனில் மன்னர் நான்காம் ஜார்ஜையும் அப்படித்தான் உட்கார வைத்தார். மன்றோ பெயரில் திருமலையில் ஒரு நைவேத்தியக் கட்டளையும் உண்டு, மன்றோ கங்காளம் என்று.

சான்ட்ரியின் அமைதி பெரியதுதான். ஆனால் அசையாத உலோகத்தை மனிதத் தோள்கள் ஓட வைக்கிற கலைக்கே என் மனம் சாய்கிறது. எட்டாம் நாள் இரவு போகிறவர்கள், சுவாமியைச் சேவித்த பிறகு, வாகனத் தண்டுக்குக் கீழே நகரும் அந்தக் கால்களையும் ஒரு கணம் பாருங்கள்.