பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்க

குழந்தைகளுக்கான ஸ்லீப்பிங் பேக் பத்தி ஒரு சின்ன த்ரெட்.

மார்கழியில தொப்பூர் கணவாய்ப் பக்கம் நல்ல பனி. அங்கிருந்து ஒரு பாட்டி, 25 நாள் பேத்தியைத் தூக்கிட்டு ஓபிக்கு ஓடி வந்தாங்க. "உடம்பு கொதிக்குது டாக்டர்." டெம்பரேச்சர் 100.6.

ஸ்வெட்டர், குல்லா, ஜிப் வச்ச ஸ்லீப்பிங் பேக், அதுக்கு மேல கம்பளி. பின்கழுத்துல வேர்வை. எல்லாத்தையும் கழட்டி, தாய்ப்பால் கொடுக்கச் சொன்னேன். அரை மணி நேரத்துல சூடு இறங்கிடுச்சு. ஆனாலும் ஒரு நாள் வார்டுல வச்சுப் பார்த்துத்தான் அனுப்பினோம்.

"கை சில்லுனு இருந்துச்சே, அதான் போத்துனேன்"னாங்க பாட்டி.

பச்சைக் குழந்தைக்குக் கை, கால் கொஞ்சம் சில்லுனுதான் இருக்கும். நெஞ்சையும் பின்கழுத்தையும் தொட்டுப் பாருங்க. வேர்த்திருந்தா ஒரு துணியைக் குறைங்க.

பேக் வாங்குறீங்களா?

1. தலையை மூடுற தொப்பி வச்சது வேண்டாம்.

2. கழுத்து அளவா இருக்கணும். "வளர்ந்தா ஆகும்"னு பெருசா வாங்கினா, தலை உள்ளே நழுவி மூச்சு முட்டும்.

3. பேக் போட்டா மேல போர்வை கிடையாது. தலையணையும் வேண்டாம்.

4. எப்பவும் மல்லாக்கப் படுக்க வைங்க.

5. எடை 2.5 கிலோவுக்குக் கீழயா? பேக்கை விட அம்மா நெஞ்சுச் சூடுதான் நல்லது. கங்காரு முறையை நர்ஸ்கிட்ட கேட்டுக் கத்துக்கோங்க.

கடைசியா ஒண்ணு. 3 மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு 100.4 தாண்டினா, துணிதான் காரணம்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. கிருமித் தொற்றாவும் இருக்கலாம். அந்தப் பாட்டி மாதிரி உடனே ஓடி வந்துடுங்க.