அம்மாச்சியின் பூட்டு

போன லீவில், மதுரையில் சாவி செய்யும் மாமாவிடம் பூட்டுத் திறக்கக் கற்றேன். “நம்ம பூட்டை மட்டும்தான் தொடணும்” என்று முதலிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சாவித் துவாரத்தில் வளைகம்பியை லேசாகத் திருப்பிப் பிடித்து, நெளிகம்பியை உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். உள்ளிருக்கும் பின்கள் துள்ளி மட்டம் சேர்ந்தால் திறந்துவிடும். நான் முறுக்கிப் பிடித்தேன். நாலு நாள் திறக்கவில்லை. “பலத்தைக் காட்டாத மாப்ள, பின் இறுகிக்கும்.” ஐந்தாம் நாள் கையைத் தளர்த்தினேன். டக்!

அந்தத் தெம்பில் சத்தியத்தை மறந்து, அம்மாச்சியின் டிரங்குப் பெட்டியைத் தொட்டேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றதே, அந்தத் திண்டுக்கல் பூட்டு. அசையவேயில்லை. “அதுல பின் கிடையாது, லீவர் தகடுடா. நெளிகம்பி பலிக்காது” என்றார் மாமா.

முந்தானையில் முடிந்து வைத்திருந்த சாவியை அம்மாச்சி நீட்டினார். “கேட்டிருந்தா தந்திருப்பேன்ல?”

பூட்டு திறந்தது. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.