டெல்கோ மூடிக்குள்ளே

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து நண்பருக்குத் தன் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பற்றித்தான் கவலை. காலையில் எத்தனை செல்ஃப் அடித்தாலும் எழாது. எழுந்தாலும் கோவளம் தாண்டுவதற்குள் திணறி நின்றுவிடும். "திருவிடந்தையில ஒருத்தர் இருக்கார், வாங்க" என்று என்னையும் கூட்டிப்போனார்.

கல்யாண வரம் கேட்டு நித்யகல்யாணப் பெருமாள் கோயிலுக்கு மாலையோடு போகிறவர்களைக் கடந்தால், சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. மெக்கானிக்குக்கு எழுபது வயது இருக்கும். வண்டியைப் பார்த்ததும் "இது நம்ம ஊர் வண்டியாச்சே சார்!" என்றார். உண்மைதான். 1961இல் வெளிவரத் தொடங்கிய ஹெரால்டு, சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி செய்தது. வண்டலூர்ப் பக்கத்து ஆலை 1980களின் கடைசியில் மூடப்பட்டது. செங்கல்பட்டுப் பட்டறை ஒன்றில் ஸ்பானர் எடுத்துக்கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, இந்த எஞ்சினில்தான் அவர் தொழில் கற்றிருக்கிறார்.

கருவியைத் தொடும் முன் ஒரு கேள்வி கேட்டார். "ஆறின வண்டி எழலையா, ஓடின வண்டி எழலையா?" இரண்டும் என்றார் நண்பர். "அப்போ வியாதி ரெண்டு."

ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் கவிழும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டார். டெல்கோ என்று பட்டறையில் சொல்லும் டிஸ்ட்ரிபியூட்டரின் நடு ஒயரை உருவி எஞ்சின் இரும்புக்கு அருகே பிடித்து, "அடிங்க சார்" என்றார். மஞ்சளாக, மெலிசாக ஒரு பொறி. நீலமாக, சத்தத்தோடு பாய வேண்டுமாம். மூடியைத் திறந்து காட்டினார். கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டில் ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் சின்ன முளை. "கண்டன்சர் போச்சு." பாயிண்ட் திறக்கும் நொடியில் கரண்ட் அங்கே தாவாமல் தாங்கிக்கொள்வது கண்டன்சர். அது செத்தால் பாயிண்ட் கருகும், பிளக்குக்குப் போகும் பொறி மெலியும்.

பாயிண்டை அரத்தால் தேய்த்துச் சமன் செய்தார். இடைவெளி 15 தவ், அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. ஃபீலர் கேஜின் தகட்டைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். லேசாகப் பிடிக்க வேண்டும், சிக்கக் கூடாது. அரை மணி நேரம் அந்த ஒரு திருகோடு இருந்தார். அந்த விரல்களை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கார்பரேட்டரைக் கழற்றி ஜெட் ஊதியது எல்லாப் பட்டறையிலும் நடப்பது. உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்த எர்த் ஒயரையும் சுரண்டி முறுக்கினார்.

ஓடி நிற்பதற்குக் காரணம், டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் ஏசி பம்ப். உள்ளே டயஃப்ரம் ஊறி உப்பியிருந்தது. அந்தக் காலத்து ரப்பர் எத்தனாலைத் தாங்காது. போதாததற்கு, சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டால் பம்ப் இழுக்க ஒன்றும் இருக்காது. பழைய டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத்துணி போட்டு ஓட்டியது இதற்குத்தான்.

செத்த கண்டன்சருக்கு மாற்று தேடும்போது அவர் எடுத்துக் காட்டிய பிஸ்கட் டப்பா நிறையப் புது கண்டன்சர்கள். எல்லாம் போலி; மாட்டிய வாரமே செத்தவை. நண்பருக்கு மாட்டியது, உடைக்கப் போன வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த பழையது. போலியை விற்றவன் லாபத்தோடு போய்விட்டான். வண்டி நின்றால் திட்டு வாங்குவது இவர். அதைவிடக் கொடுமை புரோக்கர்கள். காயலான் விலைக்கு வண்டி வாங்கி, இவரிடம் அற்பக் கூலிக்கு உயிர் கொடுத்து, ஈசிஆரில் கல்யாணப் போட்டோ ஷூட்டுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஒருநாள் வாடகை இவருடைய ஒருமாதக் கூலியைத் தாண்டுகிறது. கூலியில் பாதி இன்னும் பாக்கி. கேட்டால் "அடுத்த வண்டியில பார்த்துக்கலாம் அண்ணே" என்கிறார்கள். ஓட்டுகிறவனும் படம் எடுக்கிறவனும் இடையில் நிற்கிறவனும் சம்பாதிக்க, ஓடவைத்தவருக்கு மட்டும் கடன் சொல்வது திருட்டு. வேறு பெயர் அதற்கு இல்லை. கற்றுக்கொள்ள ஒரு பையன்கூட அவரிடம் வராததற்கும் இதுதான் காரணம்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களே, டயஃப்ரத்தையும் பெட்ரோல் ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். புரோக்கரை விட்டுவிட்டு நேராக மெக்கானிக்கிடம் போங்கள். கூலியை அவர் கையில், அன்றைக்கே கொடுங்கள்.