பளியர்களும் பிழைப்பும்

தேனி மாவட்டத்தில் மேகமலை, வருசநாடு மலைச்சரிவுகளில் வாழும் பளியர்கள் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். தேன், கிழங்கு, மூலிகை சேகரிப்பதே அவர்களின் பழைய தொழில். காப்புக்காடு, சரணாலயம், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் எனக் கட்டுப்பாடு கூடக் கூட அந்தத் தொழில் சுருங்கியது. சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தருகிறது. ஆனால் எழுத்துப்பூர்வ அங்கீகாரம் இல்லாத குடும்பத்துக்கு அது ஏட்டளவில்தான்.

மிஞ்சுவது ஏலக்காய், காப்பித் தோட்டக் கூலி. பருவம் முடிந்தால் வருமானமும் நின்றுவிடும்.

அரசு வேலையில் பழங்குடியினருக்கு 1 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதற்குக் கோட்டாட்சியர் வழங்கும் சாதிச் சான்றிதழ் வேண்டும். பெற்றோரிடம் ஆவணம் இல்லையென்றால் பிள்ளையின் விண்ணப்பம் விசாரணையிலேயே தேங்கும். இதுதான் ஆகப்பெரிய அநீதி. வேலைக்குப் படிப்பும் வேண்டும்; மேல்நிலைப் பள்ளியோ அடிவாரத்தில். படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்குத் தேர்வுவாசலே திறப்பதில்லை.

விண்ணப்பித்தவர்களை மலையிலிருந்து திரும்பத் திரும்ப இறங்கி வரச் சொல்லாமல், சான்றிதழ் விசாரணையை அதிகாரிகள் குடியிருப்புக்கே சென்று நடத்த வேண்டும்.