வீட்டு விலையும் வழிச்செலவும்: பெக்கான் நானாஸ் குறிப்புகள்

ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் சாலையில் மேற்கே போனால் கொஞ்ச தூரத்தில் தாமான் குடியிருப்புகள் மெலிந்து செம்பனை அடர்கிறது. வலப்பக்கம் பூலாய் மலை. அதையும் தாண்டினால் பெக்கான் நானாஸ். அன்னாசி அருங்காட்சியகம் இருக்கும் ஊர். ஆனால் வீடு தேடி வருகிறவர்கள் அன்னாசிக்காக வருவதில்லை. ஜொகூர் பாருவில் விலை கேட்டு, ஸ்கூடாயில் கேட்டு, தாமான் யுனிவர்சிட்டியில் கேட்டு, ஒவ்வொரு இடத்திலும் மூச்சை இழுத்துவிட்டு, மேற்கே நகர்ந்து நகர்ந்து இங்கே வந்து சேர்கிறார்கள். என் தங்கை மகனும் மருமகளும் அப்படித்தான் வந்தார்கள். கணக்குப் போட நான் துணை.

*

குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். கணவனும் மனைவியும் அதையே வாங்கினால் மாதம் 3,400, வருடம் 40,800. குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல் மூன்று மடங்குக்குள் விலை இருந்தால்தான் வீடு கட்டுப்படியாகும் என்பது கஸானா ஆய்வுக் கழகம் 2015-இல் வெளியிட்ட அறிக்கையில் எடுத்துக்கொண்ட அளவுகோல். அதே அறிக்கைப்படி 2014-இல் நாடு முழுதுக்குமான நிலை 4.4 மடங்கு. இந்த இருவருக்கும் மூன்று மடங்கு என்றால் 122,400 ரிங்கிட். அந்தக் காசுக்கு ஜொகூர் பாருவில் புதுத் தரைவீடு கேட்டால் ஏஜெண்ட் நம்மையே ஒரு மாதிரி பார்ப்பார்.

சரி, 200,000 என்று வைப்போம். பத்து விழுக்காடு முன்பணம் 20,000. ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கில் (2024 மே முதல் அதன் பெயர் செஜாத்ரா கணக்கு) இருப்பதை எடுக்கலாம், இருந்தால். மீதி 180,000-க்கு 4 விழுக்காடு வட்டி, 35 வருடம். மாதத் தவணை ஏறக்குறைய 797. முழுதும் கட்டி முடிக்கும்போது 334,000-க்கு மேல் கட்டியிருப்போம். இதைச் சொன்னதும் மருமகன் சிரித்தான். "மாமா, வாடகை கொடுத்தா அதுவும் போகுது, கிராணும் வராது." உரிமைப் பத்திரமான கிராண் வாடகையில் வராது என்பதும் சரிதான்.

*

இனிதான் என் வாதம். ஜொகூர் பாருவுக்கு ஒரு வழி 40 கிலோமீட்டர் என்று வையுங்கள். போக வர 80. மாதம் 22 வேலை நாள் என்றால் 1,760 கிலோமீட்டர். சாதாரணக் காருக்கு 140 லிட்டர் போகும். மானிய விலையில் லிட்டர் 1.99 என்றாலும் 280 ரிங்கிட். டயர், எண்ணெய், சர்வீஸ் எதையும் சேர்க்கவில்லை.

மேலே சொன்ன கடன் கணக்கில் மாதம் 280 என்பது 63,000 ரிங்கிட் கடனுக்குத் தவணை. அதாவது பெட்ரோலில் போகும் காசைக் கொண்டு 63,000 கூடுதல் விலையுள்ள வீட்டை வேலைக்குப் பக்கத்திலேயே வாங்கலாம். இருவரும் தனித்தனிக் காரில், தனித்தனி திசையில் போனால் 126,000. பெக்கான் நானாஸில் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் முழுவதையும் சாலை தின்றுவிடுகிறது.

ஆனால் மோட்டார் சைக்கிள் என்றால் கணக்கு தலைகீழ். 1,760 கிலோமீட்டருக்கு 44 லிட்டர், 90 ரிங்கிட்கூட ஆகாது. அந்தச் சாலையில் மோட்டார் கூட்டம் ஏன் என்று இதைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். மழை, லோரி, அதிகாலை இருட்டு இவற்றுக்கு எந்தக் கணக்கிலும் பத்தி இல்லை.

வங்கி இதைப் பார்ப்பதில்லை. சம்பளச் சீட்டைப் பார்க்கும், காருக்கு எவ்வளவு தவணை என்று பார்க்கும். அந்தக் காரை எவ்வளவு தூரம் ஓட்டப்போகிறோம் என்று கேட்காது.

*

எல்லாருக்கும் வேலை ஜொகூர் பாருவில் இல்லை. கேலாங் பாத்தாவில், தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்தில் வேலை என்றால் இங்கிருந்து தெற்கே இறங்கலாம். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் வேலை என்றால் 1998-இல் திறந்த இரண்டாம் பாலம். 2019 ஜனவரி முதல் அந்தப் பாலத்தின் மலேசியப் பக்கத்தில் மோட்டாருக்குச் சுங்கம் கிடையாது. ஜூரோங்கிலும் துவாஸிலும் சம்பாதிக்கிறவனுக்கு இந்த ஊர் பொருத்தமாகக்கூட இருக்கலாம். உட்லண்ட்ஸில் வேலை பார்ப்பவன் இங்கே வீடு வாங்குவதை நான் ஒப்பமாட்டேன்.

சிங்கப்பூர்க் காசு ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். அந்தச் சம்பளத்தோடு போட்டி போட்டு உள்ளூர்ச் சம்பளக்காரன் ஜொகூர் பாருவில் வாடகைக்கு வீடு பிடிக்க வேண்டும். ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு 4 கிலோமீட்டர் ரயில் வருகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகாதவர்கள் இன்னும் மேற்கே தள்ளப்படுவார்கள்.

*

தெற்கே கடலைத் தூர்த்துக் கட்டிய ஃபாரஸ்ட் சிட்டி, 700,000 பேருக்கு என்று திட்டமிட்டது. இரவில் எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று போய்ப் பார்த்தவர்களைக் கேளுங்கள். கட்டி முடித்தும் விற்காமல் நிற்கும் வீடுகள் அதிகமுள்ள மாநிலங்களின் பட்டியலில் ஜொகூர் பல முறை முதலிடம் பிடித்திருக்கிறது. வீடு இல்லாதவனும் இங்கே, ஆள் இல்லாத வீடும் இங்கே.

*

மண். பெக்கான் நானாஸில் வீடு பார்க்கிறவர்கள் கூரையைப் பார்க்கிறார்கள், சமையலறைத் தரை ஓடுகளைப் பார்க்கிறார்கள். நான் குனிந்து போர்ச்சைப் பார்க்கச் சொல்வேன்.

இந்த வட்டாரத்தில் அன்னாசி வந்ததற்கு ஒரு காரணம் கம்புட் மண். மக்கிய மரமும் வேரும் இலையும் நீரில் ஊறிக் கறுத்துக் கிடக்கும் புளிப்பு மண். மற்ற பயிர் முகம் சுளிக்கும் இடத்தில் அன்னாசி வளரும். 1930-களில் தகர டப்பா அன்னாசி ஏற்றுமதியில் உலகின் பெரிய இடங்களில் மலாயாவும் ஒன்று. லீ கொங் சியான் 1931-இல் தொடங்கிய லீ அன்னாசி நிறுவனத்துக்கு இங்கே தோட்டம் உண்டு. பயிருக்குச் சரி, அஸ்திவாரத்துக்கு அந்த மண் ஆகாது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்ததும் கம்புட் சுருங்கும், காற்றுப் பட்டு மக்கிக் கரையும், தாழும். மேற்கு ஜொகூரில் நீண்ட காலம் அளந்தவர்கள், வடிகால் வெட்டிய கம்புட் நிலம் முதல் வேக இறக்கத்துக்குப் பிறகும் ஆண்டுக்குச் சராசரி 2 சென்டிமீட்டர் தாழ்வதாக எழுதியிருக்கிறார்கள். அது பயிர் நிலத்துக் கணக்கு. மண் கொட்டி நிரவிக் கட்டிய தாமானில் அப்படியே பொருந்தாது. இருந்தாலும் 35 வருடக் கடனோடு பெருக்கிப் பாருங்கள்: 70 சென்டிமீட்டர்.

வீடு பைலிங் போட்டு நிற்கும், விழாது. சுற்றியுள்ள தரைதான் இறங்கும். போர்ச் ஒரு பக்கம் சாயும், வாசற்படிக்கும் தரைக்கும் இடையில் கை நுழையும் சந்து விடும், சாக்கடைக் குழாய் இணைப்பு விட்டுப்போகும், பின்பக்கம் இழுத்துக் கட்டிய சமையலறை தாய்வீட்டிலிருந்து பிரியும். அந்த இழுத்துக் கட்டிய பகுதிக்குத்தான் பெரும்பாலும் பைலிங் இருக்காது. விற்கிறவர் புதிதாகச் சிமெண்டு பூசியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். ஊர் முழுக்கக் கம்புட் இல்லை. ஒரு தாமானில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. பக்கத்து வீட்டு ஆயாவிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏஜெண்டிடம் கேட்டால் தெரியாது.

வறட்சி நீண்டால் இந்த மண் உள்ளேயே கனன்று புகையும். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் அதையும் விசாரியுங்கள்.

*

பழைய மலிவு விலை வீடுகள். 1982 முதல் 1998 வரை மலிவு வீட்டின் விலை உச்சவரம்பு 25,000 ரிங்கிட். மாதம் 750-க்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்கு, 550 முதல் 600 சதுர அடி, இரண்டு அறை. 1998-இல் நிலத்தின் விலைக்கேற்ப 42,000 வரை உயர்த்தினார்கள். சிறிய ஊர்களில் தாமானின் பின்வரிசையில் இந்த வீடுகள் இன்னும் நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முன்னும் பின்னும் நீண்டு. இப்போது கைமாறும் விலை அதைப் போலப் பல மடங்கு. ஆனாலும் புது வீட்டைவிடக் குறைவு, வங்கிக்கடன் சிறியது, பக்கத்தில் கடை உண்டு. புதுக் குடும்பம் தொடங்க இது போதும் என்பது என் கட்சி. மருமகளுக்கு இது பிடிக்கவில்லை. வாழப்போகிறவள் அவள்.

*

வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல: நிலம் எந்த வகை? மலாய் ரிசர்வ் நிலமா, பூமிபுத்ரா லாட்டா? மலாய் ரிசர்வ் என்றால் மலாய்க்காரர் அல்லாத நம் கையில் வராது. பூமிபுத்ரா லாட் என்றால் மாநில அனுமதி இல்லாமல் நமக்கு மாற்ற முடியாது. விளம்பரத்தில் இது இருக்காது அல்லது மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும். "இவ்வளவு மலிவா!" என்று ஆச்சரியம் வரும்போதெல்லாம் முதலில் இந்தச் சந்தேகம் வரட்டும். அடுத்தது, நிரந்தர உரிமையா 99 வருடக் குத்தகையா, குத்தகை என்றால் எத்தனை வருடம் மிச்சம்?

*

லெலோங் வீடு, அதாவது கடன் கட்டாமல் ஏலத்துக்கு வரும் வீடு. ஏலம் போகாவிட்டால் அடுத்த முறை ஆரம்ப விலையைக் குறைக்கிறார்கள், பெரும்பாலும் பத்து விழுக்காடு. ஆகவே பொறுத்திருப்பவனுக்கு லாபம் போலத் தோன்றும். பத்து விழுக்காடு உடனே கட்ட வேண்டும், மீதியைக் குறித்த நாளுக்குள் (வழக்கமாக 90 அல்லது 120 நாள்) கட்டாவிட்டால் கட்டியதும் போச்சு. வீட்டுக்குள்ளே போய்ப் பார்க்க முடியாது. உள்ளே பழைய சொந்தக்காரர் குடும்பம் இருந்தால் கிளப்புவது வாங்கியவர் தலையில். இன்னொரு குடும்பம் தோற்ற வீட்டில் குடிபோவது ஆகுமா என்று தங்கை கேட்டாள். பதில் சொல்லவில்லை. மண்ணும் கிராணும் சரியாக இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

*

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள்: லோரி ஓட்டுகிறவர், பாசார் மாலாமில் வடை போடுகிறவர், கமிஷனில் வாழ்கிறவர். இவர்களுக்கு எஸ்.ஜே.கே.பி. என்கிற அரசாங்கக் கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. கடன் கொடுப்பது வங்கிதான், பொறுப்பேற்பது அரசாங்க நிறுவனம். நம் ஆட்களில் பலருக்குத் தெரியவில்லை. கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம்.

*

வாங்கும்வரை வாடகைதானே. வாடகைக்குப் போனால் இன்னொரு கதவு. ஃபோனை எடுத்ததும் பெயர் கேட்பார்கள். பெயரைச் சொன்னதும் "வீடு இப்பத்தான் போயிடுச்சு" என்பார்கள். மருமகன் விஷயத்தில் அதே வீட்டின் விளம்பரம் மறுவாரமும் இருந்தது. சிலர் மறைப்பதுகூட இல்லை. இந்தியர் வேண்டாம் என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள். காரணம் கேட்டால் சமையல் வாசம், வாடகை பாக்கி, கூட்டம் என்று ஒரு பட்டியல். குடியிருப்பு வாடகைச் சட்டம் ஒன்று கொண்டுவரும் பேச்சு பல வருடமாக நடக்கிறது. பேச்சு நடக்கும்போதே பலர் வாடகையை விட்டுவிட்டுத் தகுதிக்கு மீறிக் கடன் வாங்கி வீடு வாங்குகிறார்கள், மரியாதைக்காக. கட்டுப்படியாகாத தவணைக்குப் பின்னால் இப்படியும் ஒரு காரணம் உண்டு. பொருளாதார அறிக்கையில் இதைப் பார்த்ததில்லை.

கிடைத்தால்: இரண்டு மாத டெபாசிட், ஒரு மாத முன்பணம், கரண்ட் தண்ணிக்கு அரை மாதம். மூன்றரை மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டுதான் தேடவே தொடங்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரை போடாமல் சாவி வாங்கக் கூடாது.

*

கிராண் மேல் நம் தலைமுறைக்கு ஏன் இத்தனை வெறி என்று பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. தோட்டத்து லயத்தில் வீடு இலவசம். வாடகையில்லை, தண்ணீர் உண்டு, ஆயாக்கொட்டகை உண்டு, கோயில் உண்டு. வேலை இருக்கும்வரை. 55 வயதில் வேலை முடிந்ததும் வீடும் முடிந்தது. தோட்டம் துண்டாகி விற்கப்பட்டபோது, பிறகு தாமானாக, கோல்ஃப் திடலாக மாறியபோது, பிறந்து வளர்ந்த வீட்டின்மேல் ஒரு காகிதமும் இல்லாமல் ஜனம் சாலைக்கு வந்தது. துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதே இந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான். தொழிலாளர்கள் தவணையில் பங்கு வாங்கித் தோட்டத்தையே வாங்கினார்கள், முதலாவது கெடாவில். பிறகும் இதே கதைதான்: பினாங்கில் கம்போங் புவா பாலா மக்கள் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்தார்கள். நிலம் வேறு பெயருக்குப் போனது, வழக்கு தோற்றது, 2009-இல் வீடுகளை இடித்தார்கள்.

ஆகவே 63,000 கணக்கை நான் போட்டுக் காட்டும்போது தங்கை தலையை ஆட்டிவிட்டு, "அண்ணே, பெட்ரோல் கணக்கு சரி. நம்ம பேர்ல ஒரு கிராண் இருக்குமில்ல?" என்கிறாள். அவள் லயத்தில் பிறந்தவள். இந்தக் கேள்வியை நான் எந்த வட்டி அட்டவணையில் போட?

*

அவர்கள் இப்போது யோசிப்பது: பெக்கான் நானாஸில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்ப்பது. ஆண்டுக் கடைசி மழையில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, தமிழ்ப்பள்ளிக்கு வேன் எத்தனை மணிக்கு எங்கே நிற்கும், இரவு எட்டுக்கு மேல் பேருந்து உண்டா, கிளினிக் திறந்திருக்குமா, மருமகளுக்குப் பொந்தியானிலோ பூலாயிலோ வேலை மாறுமா. அவளுக்குப் பக்கத்தில் வேலை கிடைத்து ஒரு கார் குறைந்தால் என் வாதம் பாதி விழுந்துவிடும். விழட்டும். வாடகை வீட்டுக்காரர் ஒருவர் பெயரைக் கேட்ட பிறகும் வீட்டைக் காட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறோம். போர்ச்சை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.