மங்கிய ஜன்னல்

எர்ணாகுளத்தையும் வைப்பின் தீவையும் இணைக்கும் கோஸ்ரீ பாலங்கள் 2004இல் திறக்கப்பட்டன. தீவு ஜனங்கள் படகை விட்டு பஸ்ஸில் ஏறினார்கள். அதற்குப் பல வருடங்கள் கழித்து, சொந்தக் காசில் படகு வாங்கிய ஒரே வைப்பின்வாசி நானாகத்தான் இருப்பேன். என் மனைவி அப்போது சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. நான் பிறந்தது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காடு. வாசலிலேயே தண்ணீர் இருக்கும்போது அதன் மேல் பாலம் வழியாகப் போக மனசு வரவில்லை. வேறு காரணம் கிடையாது.

பதினாறு அடி ஃபைபர் படகு. மழைக்காக அதன் மேல் கான்வாஸ் கூரை. முன்புறமும் பக்கங்களிலும் ஜிப் வைத்த திரைகள். திரைகளில் வெளியே பார்க்க பிளாஸ்டிக் ஜன்னல்கள். புதிதில் அங்கே ஜன்னல் இருப்பதே தெரியாது. நான்காம் வருடம் லேசாகப் பால் கலந்த மாதிரி ஆயிற்று. தினமும் பார்ப்பதால் அது எனக்கு உறைக்கவில்லை. நண்பர் ஒருவர் ஏறியபோது, “என்னய்யா, கண்புரை விழுந்த மாதிரி இருக்கு?” என்றார். சிரித்துவிட்டு மறந்துபோனேன்.

ஓர் அக்டோபர் மாலை. கொச்சியில் அந்த மாதம் மத்தியானத்துக்கு மேல் இடி மழை கொட்டும். பிறகு மேகத்துக்கு அடியில் சூரியன் எட்டிப்பார்க்கும். மழைக்காக இறக்கிய திரையோடு மேற்கே வந்துகொண்டிருந்தேன். வெயில் நேரே ஜன்னலில் விழுந்ததும் எதிரே ஒன்றுமே இல்லை. வெள்ளைச் சுவர். அரை நிமிஷம்தானே என்று எஞ்சினைக் குறைக்காமல் விட்டேன். அதுதான் நான் செய்த குற்றம்.

கூச்சல் கேட்டுத்தான் எஞ்சினை அணைத்தேன். வலது பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு சின்ன வள்ளம். வலையோடு ஒருவர், விளிம்பை இறுகப் பிடித்தபடி பத்து வயதுப் பையன். என் படகு கிளப்பிய அலையில் வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. அவர் திட்டவில்லை. துடுப்பு முனையால் என் ஜன்னலைத் தட்டி, “கண்ணு காணான் வய்யே?” என்றார். கண் தெரியவில்லையா என்று அர்த்தம். பையன் அதற்குள் தண்ணீரை இறைக்க ஆரம்பித்துவிட்டான். நான் ஏதோ மன்னிப்பு மாதிரி உளறினேன்.

மறுநாள் மட்டாஞ்சேரியில் படகுக் கூரை தைக்கும் பெரியவரிடம் போனேன். அவர் விரலைத் தண்ணீரில் நனைத்து ஜன்னலில் ஓர் இடத்தில் தடவினார். “நனைச்சதும் தெளிஞ்சா மேல் கீறல், பாலீஷ் போட்டுச் சரி பண்ணலாம். நனைச்சும் மங்கலா இருந்தா உள்ளேயே கெட்டுப்போச்சு. வெட்டித்தான் போடணும்.” பக்க ஜன்னல்கள் தெளிந்தன. நடு ஜன்னல் தெளியவில்லை.

“எதைப் போட்டுத் துடைப்பீங்க சாரே?”

சொன்னேன். சாயங்காலம் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பேன். மாதம் ஒருமுறை வீட்டுக் கண்ணாடிக்கு அடிக்கும் நீலத் திரவம். ஒருமுறை எண்ணெய்க் கறைக்குத் தின்னர். பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அது கண்ணாடி அல்ல, பிவிசி. இயல்பில் விறைப்பான பொருள். வளையும்படி இருப்பதற்காக எண்ணெய் போன்ற ரசாயனம் ஒன்றைக் கலக்கிறார்கள். வெயிலும் வருடங்களும் அதை வெளியே இழுக்கின்றன. புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கையே மஞ்சளாக்குகிறது. தின்னரும், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவமும் அந்த வேலையைத் துரிதப்படுத்துகின்றன. உலர்ந்த துணி இன்னும் மோசம்: காயலின் உப்பு ஜன்னலில் படிகமாகக் காய்ந்திருக்கும், அதைத் தேய்ப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். நான்கு வருடமாக நான் அக்கறையோடு செய்தது அதைத்தான். திரையை ஈரத்தோடு மடித்து வைத்தது வேறு.

நடு ஜன்னலின் தையலைப் பிரித்து, பெரியவர் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் புதுத் தாள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். வெயிலைத் தாங்கும் பாலியஸ்டர் நூல். சாதா பருத்தி நூல் ஜன்னலுக்கு முன்னால் இற்றுவிடுமாம். கூலியும் சாமானும் சேர்த்து மூவாயிரம் ரூபாய் ஆயிற்று. முந்தின வருடமே மாற்ற நினைத்து, வீண் செலவு என்று தள்ளிப்போட்ட தொகை.

இப்போது கரை சேர்ந்ததும் முதலில் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைக்கிறேன். பிறகு சோப்புத் தண்ணீர், பழைய வேட்டித் துணி. காய்ந்த பிறகு மடிக்காமல், நடுவே துணி வைத்துச் சுருட்டுகிறேன். பழைய ஜன்னல் தாளை என் மனைவி மொட்டை மாடியில் வற்றல் காயப்போட எடுத்துப் போனாள். அந்த நாற்றத்துக்கு இரண்டே நாளில் தூக்கி எறிந்தாள்.

அந்த வள்ளக்காரரை இரண்டு முறை தூரத்தில் பார்த்தேன். கை உயர்த்தினேன். அவர் திரும்பிப் பார்த்தாரா என்று தெரியவில்லை. மாலையில் மேற்கே திரும்பும்போது, மழை பெய்தாலும் நடு ஜன்னலின் ஜிப்பைத் திறந்து மேலே சுருட்டிக் கட்டிவிடுகிறேன். சட்டை நனைந்துதான் வீடு சேர்கிறேன்.