கெட்டி மேளத்துக்கு ஒதுக்கும் இடம்

கல்யாண வீடியோவை டிவிடிக்கு மாற்றியதும் நான் முதலில் ஓட்டிப் பார்ப்பது தாலி கட்டும் காட்சியைத்தான். கன்வெர்ஷன் கெட்டிருந்தால் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். அட்சதை பறக்கும், ஃப்ளாஷ் மாறி மாறி அடிக்கும், ஹோமப் புகை வேறு. டிவிடிக்கான எம்பெக்-2 முறையில் முழுப் படம் சுமார் அரை நொடிக்கு ஒன்றுதான் பதிவாகிறது. நடுவில் வரும் ஃப்ரேம்களில் எது மாறியதோ அது மட்டும்தான். வரவேற்பில் வரிசையாக நின்று போட்டோ எடுக்கும்போது மாறுவது கொஞ்சம். அட்சதை விழும்போது எல்லாமே மாறும். பிட்ரேட் போதாவிட்டால் மாப்பிள்ளை முகம் கட்டம் கட்டமாக உடையும். குடும்பம் திரும்பத் திரும்பப் பார்க்கப்போவதும் அதே இடத்தைத்தான்.

டிவிடி அட்டையில் 4.7 ஜிபி என்றிருக்கும், கம்ப்யூட்டர் 4.38 என்று காட்டும். இரண்டும் ஒரே அளவுதான். இரண்டு மணி நேரப் படத்துக்கு, ஒலியும் சேர்த்து, நொடிக்கு 5 மெகாபிட்டுக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் மூன்றரைக்கு இறங்கிவிடும். "எல்லாத்தையும் ஒரே சிடியில போட்டுக் குடு தம்பி" என்று தண்டையார்பேட்டை அக்காக்கள் கேட்பார்கள். "ரெண்டா போட்டாத்தான்க்கா முகூர்த்தம் தெளிவா இருக்கும்" என்று சொல்லிப் பார்ப்பேன். கேட்காவிட்டால் டூ-பாஸ்தான் வழி. முதல் ஓட்டத்தில் படம் முழுவதையும் அளந்துவிட்டு, இரண்டாம் ஓட்டத்தில் பந்தியிலிருந்து மிச்சம் பிடித்து மணமேடைக்குக் கொடுக்கும். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்த நேரத்தை மிச்சப்படுத்த, முழுப் படத்தையும் ஒரே பிட்ரேட்டில் தள்ளிவிடுவது இந்தத் தொழிலுக்கே துரோகம் என்பேன்.

செல்போன் கிளிப்புகள் வந்த பிறகு தலைவலி சத்தத்துக்கு மாறியது. உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். ராயபுரம் புனித இராயப்பர் ஆலயத்துக்குள் எடுத்ததுபோல வெளிச்சம் குறைந்த காட்சி என்றால், பல போன்கள் தாமாகவே ஃப்ரேம் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். வெளியே வந்ததும் கூட்டும். நம்ம ஊர் பால் (PAL) டிவிடிக்கோ நொடிக்கு சீராக 25 ஃப்ரேம் வேண்டும், ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். கிளிப்பின் தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படக் கூடாது. கடைசி நிமிடத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு தள்ளியிருந்தால் ஒலியை நகர்த்தினால் போதும். போகப்போக அதிகமானால் ஃப்ரேம் ரேட்தான் கோளாறு. முதலில் சீரான 25-க்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் எடிட்டிங்கில் கைவைக்க வேண்டும்.

கடையில் சோதித்துப் பார்க்க ஒரு பழைய டப்பா டிவி வைத்திருக்கிறேன். 2006-க்குப் பிறகு அரசு வீடுவீடாகக் கொடுத்த இலவச கலர் டிவி இந்தப் பக்கம் நிறைய நாள் ஓடியது. ஒவ்வொரு ஃப்ரேமும் ஃபீல்டு எனும் இரண்டு பாதிகளாக வரும். மினிடிவி (MiniDV) கேசட்டில் கீழ் ஃபீல்டு முதலில் வரும்; எச்டி கேமராவில் பெரும்பாலும் மேல் ஃபீல்டு. இரண்டையும் கலந்து தவறாக அமைத்தால், கம்ப்யூட்டரில் கண்ணுக்குப் படாமல் போனாலும் டப்பா டிவியில் நடக்கிறவர்கள் உதறி உதறி நடப்பார்கள். திரையின் ஓரமும் அதில் கொஞ்சம் மறையும். மணமக்கள் பெயரை அடியில் ஒட்டிப் போட்டால் பாதி எழுத்து காணாமல் போகும்.

பர்ன் செய்வதில் நான் பிடிவாதக்காரன். கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் டிவிடி தட்டைக் கையோடு கொண்டுபோகிறார்கள். நடுக்கடலில் சிக்கினால் யாரிடம் போய் மாற்றிக் கேட்பார்கள்? தட்டு உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. மட்டமான தட்டில் வெளி விளிம்பில்தான் அதிகம் சிக்கும். நம் பக்கம் பல கல்யாணங்களில் வரவேற்பு முதல் நாள் மாலை, முகூர்த்தம் மறுநாள் காலை. அதே வரிசையில் தட்டை நிரப்பினால் தாலி கட்டுவது அந்த விளிம்பை நெருங்கிவிடும். அதனால் நான் 4.2 ஜிபியோடு நிறுத்திக்கொள்கிறேன். 16 எக்ஸ் தட்டையும் 8 எக்ஸில்தான் எழுதுவேன். எழுதியதும் பழைய பிளேயரில் போட்டு நேராகக் கடைசி அத்தியாயத்துக்குத் தாவிப் பார்ப்பேன். இரண்டு தட்டு என்று வீட்டார் சம்மதித்தால், முகூர்த்தம் இரண்டாம் தட்டில் முதல் காட்சியாக வரும்.